கழிமுகத்தில் கேட்ட வாய்தா

வாய்தா என்ற சொல்லைக் கேட்டாலே உங்களுக்குச் சிரிப்பு வரும். வரட்டும். கோர்ட்டு வராந்தா, கறுப்பு கோட்டு, பேரன் காலத்திலும் முடியாத சொத்து வழக்கு, இதெல்லாம்தானே நினைவுக்கு வருகிறது? எனக்கு அந்தச் சொல்லைக் கேட்டால் ஒரு பெண்ணின் இரண்டு கைகள் நினைவுக்கு வரும். ஏன் என்று சொல்கிறேன்.

போன வாரம் பென்ஷன் விஷயமாக அந்தமான் நிர்வாகத்தின் டெலானிபூர் ஆபீசுக்கு வந்தபோது, இன்டர்ப்ரெட்டர்களாகப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் மூவரையும் பார்த்தேன். டீ வாங்கிக் கொடுத்தீர்கள், சந்தோஷம். உங்களில் ஒருவர் (பெயர் சொல்லவில்லை, முகம் சுருங்க வேண்டாம்) "போன்லயே ஆப் இருக்கே மேடம், இந்திப் பேச்சத் தமிழாக்குது, பெங்காலிப் பேச்ச இந்தியில சொல்லுது. நம்மள இன்னும் எத்தன நாளைக்கு வச்சிருப்பாங்க?" என்று கேட்டார். பாம்பூஃப்ளாட் ஃபெர்ரிக்கு நேரமாகிவிட்டதால் பதில் சொல்லாமல் ஓடிவிட்டேன். ஃபெர்ரியில் நின்றுகொண்டே நினைத்துப் பார்த்தேன். ஆப் சொல்லை மாற்றித் தரும், சரிதான். எந்தச் சொல்லைச் சொன்னால் எவன் துடுப்பை ஓங்குவான் என்று அதற்கு எப்படித் தெரியும்?

சண்டைக்கு நடுவில்தான் நம்மை அனுப்புவார்கள். கல்யாணத்துக்கு யாரும் இன்டர்ப்ரெட்டரைக் கூப்பிடுவதில்லை. அங்கே போய் நின்றதும் அதிகாரி ஏதாவது ஒரு சொல்லைச் சொல்வார், நாம் அதைத் தமிழில் சொல்ல வேண்டும். எந்தத் தமிழில்? போர்நிறுத்தம் என்பது செய்தித்தாள் சொல். இரண்டு நாடுகளுக்குப் பொருந்தும், இரண்டு படகுகளுக்குப் பொருந்தாது. சொன்னால் சிரிப்பார்கள். சமாதானம் பெரிய சொல், கோயிலிலும் சர்ச்சிலும் கேட்கிற சொல். ஆனால் வீட்டில் என்ன சொல்கிறோம்? "சும்மா சமாதானம் சொல்லாத" என்கிறோம். சாக்குப்போக்குக்கும் அதே பெயர்தான். ராஜி என்பது அரபியில் பிறந்து நம் பஞ்சாயத்துகளில் வந்து குடியேறியது. அதன் அடிப்பொருள் மனசுக்குச் சம்மதம், திருப்தி. மனசு கொதித்துக்கொண்டிருக்கிறவனிடம் போய் "ராஜியா?" என்று கேட்டால் உதைதான் விழும்.

இவ்வளவும் புத்திமதி. இனி நடந்ததைச் சொல்கிறேன்.

நடு அந்தமானில், லாங் ஐலண்டுக்குப் போகிற வழியில், அலையாத்திக் காட்டைப் பிளந்துகொண்டு உள்ளே போகும் ஒரு உப்புநீர் ஓடை, கிரீக் என்போம். ஊர்ப் பெயரை விட்டுவிடுகிறேன், அங்கே எல்லோரும் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். கிரீக் கடலில் சேரும் வாயருகே தூத்துக்குடிக் கடற்கரையிலிருந்து வந்த கத்தோலிக்கத் தமிழ்க் குடும்பங்கள். உள்ளே, மேலே, வங்காளிக் குடும்பங்கள். இரண்டு பக்கத்துக்கும் மீன்தான் சோறு. இரண்டு பக்கத்துக்கும் பொதுவான மொழி நம் தீவு இந்தி, அதுவும் கோபம் வந்தால் காணாமல் போய்விடும்.

கிரீக் வாயில் வலை கட்டும் முறையைப் பாடு என்பார்கள். ஒரு பருவம் ஒருவர் பாடு, அடுத்த பருவம் மற்றவர் பாடு. வலை தண்ணீரில் இருக்கும்வரை இடம் உன்னுடையது, தூக்கினால் உன் பாடு போச்சு. இதற்கு ஒரே ஒரு விலக்கு உண்டு. ஊரில் சாவு விழுந்தால் வலையைத் தூக்கிவிட்டு, வலைக்காக நட்ட கழியில் ஒரு துணியைக் கட்டிவிட்டுப் போவார்கள். கட்டியவர்கள் வந்து அதை அவிழ்க்கும்வரை அங்கே யாரும் வலை இறக்கக் கூடாது. தமிழர்கள் கொண்டுவந்த வழக்கம் இது. கூடவே வாழ்ந்து வங்காளிகளும் அதை மதித்தார்கள். தண்ணீரில் துணியைப் பார்த்தால் அவர்களும் நெற்றியில் கைவைத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் படகைத் திருப்புவார்கள்.

அந்தப் பருவம் யார் பாடு என்பதில் தகராறு. எனக்கு முன்னால் அங்கே போன இன்டர்ப்ரெட்டர் நல்ல பையன், இப்போது மெயின்லேண்டில் வேறு வேலையில் இருக்கிறான். அவன் ஒரு தப்பு செய்தான். நம் தொழில்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. தமிழர்களிடம் தமிழில், "பாடு உங்களுக்குத்தான்னு அவங்க ஒத்துக்கிட்டாங்க, மரியாதைக்கு இன்னைக்கு மட்டும் வலையைத் தூக்குங்க" என்றான். வங்காளிகளிடம் அவர்கள் மொழியில், "அவங்க விட்டுக்கொடுத்துட்டாங்க, பாருங்க, வலையைத் தூக்கறாங்க" என்றான். இரண்டு பக்கமும் முகம் மலர்ந்தது. அதிகாரி அவனைத் தட்டிக்கொடுத்தார். ஆபீஸ் போட் கண்ணுக்கு மறைந்ததும் வங்காளிகள் வலையோடு வந்தார்கள். "எங்கல வாரீய?" என்று தமிழர்கள் எழுந்தார்கள். துடுப்புகள் பறந்தன, ஒருவருக்கு மண்டை உடைந்தது.

சில நாளில் தமிழர்களின் தலைவர் சூசையின் வலை நடுவே அறுந்து கிடந்தது. அறுத்தவன் வங்காளிப் பக்கத்து நிமாய் என்று சூசை அடித்துச் சொன்னார். நிமாய் இல்லையென்று சொல்லவில்லை, ஆமென்றும் சொல்லவில்லை. சூசை கிரீக் வாயை இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்குமாக இரண்டு வரிசை வலை கட்டி அடைத்துவிட்டார். வலைகளுக்கு நடுவே கழிகள், கழிகளுக்குப் பின்னால் படகுகள். உள்ளே இருப்பவர்கள் உள்ளேயே கிடக்கட்டும் என்பது போல. மழையில் உள்ளே போகும் ரோடும் அறுந்திருந்தது.

அந்த நிலைமையில்தான் என்னை அனுப்பினார்கள். ஏ.சி. சாஹிப் (அசிஸ்டன்ட் கமிஷனர்), இரண்டு கான்ஸ்டபிள்கள், நான். சாஹிப் இளைஞர், மெயின்லேண்டிலிருந்து புதிதாக வந்தவர், கெட்டவர் இல்லை, அவசரக்காரர். எங்கள் போட் வலைக்கு வெளியே நின்றது. உள்ளே வங்காளிப் படகுகள். நடுவே தன் படகில் இடுப்பில் கைவைத்துக்கொண்டு சூசை. தண்ணீர் வற்றத் தொடங்கியிருந்தது. இரண்டு கரையிலும் சேறு தெரிந்தது.

"யாரு, ஆபீஸ் மேடமா?" என்றார் சூசை. "போன தடவ ஒரு தம்பி வந்து சக்கரையா பேசிட்டுப் போனாரு. நீங்க உப்பா பேசுவியளோ?"

"நான் அவர் சொல்றத அப்படியே சொல்வேன் அண்ணே. உங்களுக்கு ஒண்ணு, அவங்களுக்கு ஒண்ணுன்னு சொல்ல மாட்டேன்."

"பாக்கத்தான போறோம்" என்றார்.

பேச்சு ஆரம்பிக்கவே இல்லை. உள்ளே வளைவிலிருந்து மோட்டார் சத்தமும் அலறலும் கேட்டன. ஒரு படகு முழு வேகத்தில் வந்து உள்வலைக்கு முன்னால் நின்றது. அதில் ஒருவன் மல்லாந்து கிடந்தான். முழங்காலுக்குக் கீழே பார்க்க முடியவில்லை. படகைக் கரையில் கட்டும்போது முதலை காலைக் கவ்வியிருக்கிறது. தொடைக்கு மேல் கயிறு போட்டு முறுக்கி, அந்த முறுக்கை ஒரு பெண் இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருந்தாள். அவள் கை தளர்ந்தால் ரத்தம் பீறிட்டது. அவள் சபிதா. கிடந்தவன் அவள் கணவன் நிமாய்.

வலையை அறுத்தவன் என்று சூசை சொல்கிற அதே நிமாய்!

ஆளைத் தூக்கி வலை தாண்டி எங்கள் போட்டுக்கு மாற்றலாம் என்றார் ஒரு கான்ஸ்டபிள். இரண்டு வரிசை வலை, நடுவே கழிகள். சபிதா கையை எடுத்தால்தான் அவனைத் தூக்க முடியும். எடுத்தால் அவன் அடுத்த கரையைப் பார்க்க மாட்டான். வலை தூக்கப்பட வேண்டும், அந்தப் படகு அப்படியே வெளியே வர வேண்டும், தண்ணீர் இருக்கும்போதே வர வேண்டும். வேறு வழியே கிடையாது.

சாஹிப் மெகாஃபோனை எடுத்தார். "சம்ஜௌதா ஹோ கயா! ஜால் உட்டாவ்!" என்று கத்தினார். உடன்பாடு ஆகிவிட்டது, வலையைத் தூக்குங்கள் என்று. நல்ல மனசில்தான் சொன்னார். ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டதும் இரண்டு பக்கமும் என்ன ஆனது தெரியுமா? உள்ளே இருந்த வங்காளி இளைஞர்கள், "என்ன உடன்பாடு? யார் கேட்டது? மறுபடியும் ஏமாத்தறாங்க!" என்று கூச்சலிட்டுத் துடுப்புகளை எடுத்தார்கள். சூசைக்கு இந்தி புரியும். அவர் முகம் கறுத்தது.

"சமாதானம்னு சொல்லுதாரா அவரு? நான் யாருட்ட சமாதானம் ஆனேன்? வலைய அறுத்தவன் முன்னால கிடக்கான், நான் சமாதானம்னு வலையத் தூக்கணும். நாளைக்கு அவன் ஆளுக இங்க வலை இறக்குவான், உங்க சாஹிப் 'அன்னைக்கே உடன்பாடு ஆச்சே'ம்பாரு. அதான? போன தடவயும் இதத்தான செஞ்சிய!"

"அண்ணே, ஆள் செத்துருவான்."

"எனக்குக் கண்ணு இல்லியா?" என்று கத்தினார். குரல் உடைந்தது. அவர் கல்நெஞ்சக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் கைகள் வலைக்கயிற்றைப் பிடித்துப் பிடித்து விட்டுக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். அவருக்குப் பின்னால் அவருடைய ஆட்கள் பத்துப் பன்னிரண்டு குடும்பம். ஒருமுறை அவர்களை நம்பவைத்து ஏமாந்த மனிதர் அவர். இன்னொருமுறை ஏமாந்தால் கரையேற முடியாது.

 பொய் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம், சத்தியமாக அந்த நேரத்தில் ஆபீஸ், உத்தரவு, எதுவும் நினைவில் இல்லை. அந்தப் பெண்ணின் கைகள் நடுங்க ஆரம்பித்திருந்தன. சமாதானம் என்று சொன்னால் சூசை தூக்க மாட்டார். ராஜி என்றால் தூக்க மாட்டார். சண்டை முடிந்தது என்று அர்த்தப்படும் எந்தச் சொல்லும் அங்கே செல்லாது. சண்டை முடியவும் இல்லை, அதுதான் உண்மை. முடியாத சண்டை ஒரு இடத்தில் நிற்கிறது என்று சொல்ல நம் ஜனங்களிடம் எந்தச் சொல் இருக்கிறது?

"அண்ணே, சமாதானம் இல்ல" என்றேன். "வாய்தா. வாய்தா மட்டும்தான். வழக்கு அப்படியே இருக்கு. யாருக்கும் ஜெயம் இல்ல, யாருக்கும் தோல்வி இல்ல. அறுந்த வலைக்கு நியாயம் அப்புறம் கேப்போம். இன்னைக்கு நிறுத்தி வைக்கிறோம், அவ்வளவுதான்."

அவர் என்னைப் பார்த்தார். திரும்பி அதையே இந்தியிலும் பிறகு வங்காளத்திலும் அந்தப் பக்கத்துக்குச் சொன்னேன். சண்டை முடியவில்லை, நிறுத்தி வைக்கிறோம், யாரும் தோற்கவில்லை, யாரும் ஜெயிக்கவில்லை என்று. ஒரு எழுத்து கூட்டவில்லை, குறைக்கவில்லை. சூசைக்குப் புரியும் மொழியிலேயே, அவர் காதில் விழும்படி சொன்னேன். போன தடவை நடந்ததற்கு அதுதான் மருந்து.

"வாய்தான்னா அதுக்கு ஒரு அடையாளம் வேணும்லா" என்றார் சூசை. "வலையத் தூக்கிட்டா எம் பாடு போச்சுல்ல? கழியில துணி கட்டுனாத்தான் தூக்க முடியும்." குரல் இறங்கியது. "ஆனா அது இழவுத்துணி மேடம். உயிரோட கிடக்கவனுக்கு முன்னால நான் எப்படிக் கட்டுவேன்? அந்தப் புள்ள பாத்துக்கிட்டிருக்கா. அவகிட்ட சொல்லாம கட்டவும் மாட்டேன்."

சூசை என்ன சொல்கிறார் என்று சாஹிப் கேட்டார். சொன்னேன். "அந்தப் பெண்ணிடம் அதைச் சொல்லாதே" என்றார் இந்தியில். "வலையைத் தூக்குகிறார்கள் என்று மட்டும் சொல்."

உங்களிடமும் ஒருநாள் ஒரு அதிகாரி இதைச் சொல்வார். கருணையோடு சொல்வார், அதனால்தான் மீறுவது கஷ்டமாக இருக்கும். ஆனால் வங்காளிகளுக்கும் அந்தத் துணி என்னவென்று தெரியும். நிமாய் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்போது அவன் கண்முன்னால் சூசை கழியில் துணி கட்டினால், சபித்துவிட்டான், சாகச் சொல்கிறான் என்றுதான் அந்தப் பையன்கள் நினைப்பார்கள். படகு வலைக்கு நடுவே வரும்போது துடுப்பு வீச்சு ஆரம்பித்தால் எல்லாம் முடிந்தது. "இல்லை சார், சொல்லியாக வேண்டும்" என்றேன். அவர் முகத்தைப் பார்க்க எனக்கு நேரம் இல்லை.

சபிதாவிடம் வங்காளத்தில் சொன்னேன். "தீதி, வலையைத் தூக்கினால் அவர்கள் இடம் போய்விடும். துணி கட்டினால்தான் தூக்க முடியும். அது சாவுக்குக் கட்டுகிற துணி. அவருக்கே கட்ட மனசு வரவில்லை. உன்னிடம் கேட்கச் சொல்கிறார்." இதைச் சொல்லும்போது என் நாக்கு கூசியது. ஒரு மனைவியிடம் சொல்கிற வார்த்தையா இது?

அவள் அழவில்லை. கயிற்றிலிருந்து கண்ணை எடுக்காமலேயே பேசினாள். "இவர் கழுத்தில் கம்சாத் துண்டு இருக்கிறது. என்னால் கையை எடுக்க முடியாது, யாராவது எடுத்துக்கொள்ளுங்கள். அதைக் கட்டச் சொல்லுங்கள். செத்தவன் துணி இல்லை, உயிரோடு இருக்கிறவன் துணி. இவர் திரும்பி வந்து தன் கையாலேயே அவிழ்ப்பார். அதுவரை எங்கள் ஆட்களும் அங்கே வலை போட மாட்டார்கள். போட்டால் என் முகத்தில் விழிக்க வேண்டாம்."

கடைசி வாக்கியத்தைத் தன் பின்னால் நின்ற பையன்களுக்குத்தான் சொன்னாள். துடுப்புகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. அதற்குள் நிமாயே தன் கையைத் தூக்கி, கழுத்திலிருந்த சிவப்புக் கட்டம் போட்ட துண்டை இழுத்தான். அவனுக்குச் சுயநினைவு இருந்தது, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் கிடந்திருக்கிறான். பாவம், முழுசாக இழுக்கத் தெம்பில்லை.

அவள் சொன்னதை நான் சூசைக்குத் தமிழில் சொன்னேன். நம் வேலையில் அழக் கூடாது என்று உங்களுக்கு யாராவது சொல்லியிருந்தால், சரிதான், அழக் கூடாது. நான் அழுதேன்.

சூசை படகு விளிம்பில் கால் வைத்தார். தண்ணீரில் குதித்தார். இடுப்பளவு தண்ணீரில் வலையைக் கையால் அழுத்தித் தாண்டி அந்தப் படகின் பக்கம் போனார். நிமாயின் கழுத்திலிருந்து துண்டை அவரே எடுத்தார். காலைப் பார்த்தார். "ஏசுவே" என்றார். பிறகு திரும்பி, "என்னல நின்னு பாக்குதிய? தூக்குங்கல! ஜல்தி!" என்று தன் ஆட்களைப் பார்த்துப் போட்ட சத்தத்தில் கொக்கெல்லாம் எழும்பியது. நடுக்கழியில் கம்சாவை இறுக்கிக் கட்டினார். இரண்டு வரிசை வலையும் மேலே வந்தது. படகின் அடிப்பாகம் சேற்றில் உரசியபோது தமிழ் ஆட்கள் இருபக்கமும் இறங்கித் தள்ளினார்கள். எங்கள் போட் அதைக் கட்டி இழுத்துக்கொண்டு படகுத்துறைக்குப் பறந்தது. துறையில் ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்வரை சபிதா கையை எடுக்கவில்லை. பிறகும் விரல்கள் விரியவில்லை, நான்தான் ஒவ்வொன்றாக நீவிப் பிரித்துவிட்டேன்.

நிமாயின் கால் போயிற்று, உயிர் நின்றது.

வாய்தா என்ற சொல் நம்மிடம் எப்படி வந்தது என்பதைப் பிறகுதான் நிதானமாகத் தேடினேன். அரபியில் பிறந்து, பாரசீகத்தையும் உருதுவையும் கடந்து, நவாபுகள் காலத்து சர்க்கார் கச்சேரி வழியாகத் தமிழுக்கு வந்திருக்கிறது. கொடுத்த வாக்கு என்பதுதான் அதன் முதல் பொருள். இந்த நாளில் வந்து நிற்பேன் என்ற வாக்கு. நாம் அதைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோய், இழுத்தடிப்புக்குப் பெயராக்கி, கேலிச் சொல்லாக்கிவிட்டோம். அன்று கிரீக்கில் எனக்கு இந்த வரலாறு எதுவும் தெரியாது. இரண்டு பக்கத்துக்கும் ஒன்றையே சொல்ல வேண்டும், நடந்ததை மட்டும் சொல்ல வேண்டும், நடக்காததை ஆசைக்குச் சொல்லக் கூடாது. அது மட்டும்தான் தெரியும்.

பல மாதம் கழித்து நிமாய் ஊர் திரும்பினான். நான் ரிட்டயராகும் சமயம். துணி அவிழ்க்கும்போது மேடம் இருக்க வேண்டும் என்று இரண்டு பக்கமும் சொல்லியனுப்பினார்கள். போனேன். கிரீக் வாயில் இந்தப் பக்கம் தமிழ்ப் படகுகள், அந்தப் பக்கம் வங்காளிப் படகுகள். எல்லாப் படகிலும் வலை. துணி அவிழ்ந்த நொடியில் யார் முதலில் இறக்குவது என்று எல்லோரும் கயிற்றைப் பிடித்தபடி நின்றார்கள். பாடு யாருக்கு என்ற வழக்கு ஆபீசில் அப்படியே கிடந்தது.

சபிதா படகை ஓட்டிவந்தாள். நிமாய் ஊன்றுகோலைப் படகில் வைத்துவிட்டுக் கழியைப் பிடித்து எழுந்து நின்றான். கம்சா வெளுத்துப்போயிருந்தது. முடிச்சில் கைவைத்தான். சூசையைப் பார்த்தான். வலைகளைப் பார்த்தான். அங்கே நின்ற அவ்வளவு பேரின் மூச்சும் எனக்குக் கேட்டது.

கையை எடுத்துவிட்டான். "ஆஜ் நஹீ" என்றான். இன்றைக்கு இல்லை.

பிறகு உட்கார்ந்துகொண்டான். சபிதா படகைத் திருப்பினாள். சூசை கையிலிருந்த கயிற்றைக் கீழே போட்டார். "வாய்தாவா? சரி, போய்ட்டு வா" என்றார். யாரோ ஒருவர் சிரித்தார். பிறகு வலைகள் சுருண்டன.

அதற்குப் பிறகு ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் அவன் வருகிறான், முடிச்சைத் தொட்டுப் பார்க்கிறான், "ஆஜ் நஹீ" என்று சொல்லிவிட்டுப் போகிறான். இரண்டு பக்கமும் வெளிக்கடலில் வலை போட்டுக்கொள்கிறார்கள். கிரீக் வாய் காலியாகக் கிடக்கிறது, படகுகள் போய்வருகின்றன.

போன மழைக்குப் பிறகு சூசை எனக்குப் போன் செய்தார்.

"தங்கச்சி, அந்தத் துணி நைஞ்சு காத்துல போயிட்டு. சொல்லலாம்னுதான் கூப்புட்டேன். புதுசு வாங்கி நானே கட்டிட்டேன். அதே செவப்புக் கட்டம், கடை கடையா ஏறி எறங்கித் தேடுனேன்."

"ஏன் அண்ணே?" என்றேன். "தானா விழுந்தா விழுந்ததுதானே. வலையை இறக்கியிருக்கலாமே நீங்க?"

"அதெப்படி? அவன் கையால அவுக்கணும்னுல்லா பேச்சு" என்றார்.